கூறுமுறை வடிவமைப்பும் வியாபார உபாயமும்: படகிலிருந்து கணினி வரை

க.பொ.த. (சாதாரண தரம்) வணிகப் பாடத்துக்கான துணைக் கற்கை

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள் பெறவேண்டிய தேர்ச்சிகள்:
• கூறுமுறை வடிவமைப்பு என்றால் என்ன என்பதை உதாரணத்துடன் விளக்குதல்
• அது ஒரு வியாபாரத்தின் தீர்மானங்களை எவ்வாறு மாற்றுகின்றது எனக் காட்டுதல்
• அதனால் ஒரு கைத்தொழிலில் போட்டி எவ்வாறு மாறுகின்றது என ஆராய்தல்

1. அறிமுகம்

ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற கரையோரக் கிராமங்களில் சிறுதொழில் மீனவர் பலர் பயன்படுத்துவது கண்ணாடியிழைப் படகு. நாம் அதனைப் ‘பைபர் போட்’ என்போம். கரை சேர்ந்ததும் அதன் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறு கழற்ற முடிவது ஏன்? படகும் எஞ்சினும் வெவ்வேறாகத் தயாரிக்கப்பட்டு, பின்னர் ஒன்றோடொன்று பொருத்தப்படுவதே காரணம்.

ஒரு பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் தனியாகத் தயாரிக்கவும், மாற்றவும், திருத்தவும் கூடியவாறு அமைப்பதே கூறுமுறை வடிவமைப்பு ஆகும்.

2. இருவகை வடிவமைப்பு

கூறுமுறை வடிவமைப்பு: வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறு படகு. எஞ்சின் பழுதடைந்தால் வேறொரு எஞ்சினைப் பூட்டிக் கடலுக்குச் செல்லலாம்.

ஒன்றிணைந்த வடிவமைப்பு: பல நாள் தங்கி மீன்பிடிக்கும் பெரிய படகு. இதன் எஞ்சின் படகின் உள்ளேயே இருத்தப்பட்டு, நீண்ட தண்டு மூலம் சுழலியுடன் இணைக்கப்படும். எஞ்சின் வகையை மாற்றுவதாயின் படகிலும் வேலை செய்ய வேண்டிவரும்.

3. இணைப்பு நியமம்

கூறுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமாயின் அவை சந்திக்கும் இடத்தின் அளவுகள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இதனை இணைப்பு நியமம் எனலாம். வெளியிணைப்பு எஞ்சின்களின் தண்டு பொதுவாக 15 அங்குலம் அல்லது 20 அங்குலப் பலகைக்கு ஏற்றவாறு செய்யப்படுகின்றது. படகு கட்டுபவர் பின்பக்கப் பலகையின் உயரத்தை இதற்கேற்ப அமைத்தால் போதும். எஞ்சினின் உட்புற நுட்பத்தை அவர் அறியத் தேவையில்லை. எஞ்சின் செய்யும் யப்பானியக் கம்பனியும் அப்படகை ஒருபோதும் காணத் தேவையில்லை.

4. வியாபார உபாயத்தில் ஏற்படும் மாற்றங்கள்

(அ) சிறப்புத் தேர்ச்சி: ஒரு நிறுவனம் முழுப் பொருளையும் செய்யாது, தனக்கு நன்கு தெரிந்த கூறை மட்டும் செய்யலாம்.
(ஆ) செய்வதா, வாங்குவதா: ஒவ்வொரு கூறையும் தானே உற்பத்தி செய்வதா, பிறரிடம் கொள்வனவு செய்வதா என முகாமையாளர் தீர்மானிக்கலாம்.
(இ) நுகர்வோர் தெரிவு: மீனவர் தம் கையிருப்புக்கேற்பப் படகை ஓரிடத்திலும் எஞ்சினை இன்னோரிடத்திலும் வாங்கலாம்.
(ஈ) பகுதி பகுதியாக மேம்படுத்தல்: பழைய படகை வைத்துக்கொண்டே புதிய எஞ்சினை வாங்கலாம். மூலதனம் குறைந்தவருக்கு இது பெரிய நன்மை.

5. போட்டியில் ஏற்படும் மாற்றம்: ஐ.பி.எம். கணினி

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி தனது தனியாள் கணினியை அறிமுகம் செய்தது. சந்தையை விரைவாக அடைய விரும்பிய அந்நிறுவனம், முக்கிய கூறுகளைத் தானே செய்யாது வெளியிலிருந்து பெற்றது. செயலியை இன்ரெல் நிறுவனம் வழங்கியது. இயக்க மென்பொருளை மைக்ரோசொப்ட் வழங்கியது. அம்மென்பொருளைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஐ.பி.எம். தன் கைவசம் வைத்திருந்த முக்கிய கூறு, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலாகும். 1982 இல் ஆரம்பமான கொம்பாக் நிறுவனம், அதனைப் பிரதிசெய்யாது அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலை எழுதியது. ஏனைய கூறுகளைச் சந்தையில் வாங்க முடிந்தது. விரைவில் ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்கும் கணினிகளைப் பல நிறுவனங்கள் விற்கத் தொடங்கின. போட்டி கூடியது; விலை குறைந்தது; நுகர்வோர் நன்மை பெற்றனர்.

1987 இல் ஐ.பி.எம். தனக்கே உரிய புதிய இணைப்பு முறையொன்றைக் கொண்டுவந்து சந்தையை மீண்டும் தன்வசப்படுத்த முயன்றது. 1988 இல் கொம்பாக் உட்பட 9 நிறுவனங்கள் ஒன்றுகூடி வேறொரு நியமத்தை முன்வைத்தன. இறுதியில் 2005 இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணினி வியாபாரத்தைச் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆனால் இன்ரெல், மைக்ரோசொப்ட் ஆகிய இரண்டும் பெரும் இலாபம் ஈட்டின. எவருடைய பெயர் பெட்டியில் இருந்தாலும் அதனுள்ளே அவ்விரண்டின் கூறுகளே பெரும்பாலும் இருந்தன.

6. இலாபம் எங்கே தங்குகின்றது?

இவ்வினாவே இப்பாடத்தின் உயிர்நாடி. பொருள் கூறுகளாகப் பிரிந்ததும் இலாபமும் பிரிகின்றது. ஆனால் அது சமமாகப் பிரிவதில்லை. பலரால் செய்யக்கூடிய கூறில் போட்டி அதிகம், இலாபம் குறைவு. சிலரால் மட்டும் செய்யக்கூடிய கூறில் போட்டி குறைவு, இலாபம் அதிகம்.

நமது படகையே எடுத்துக்கொள்வோம். அச்சு, கண்ணாடியிழை, பிசின், பயிற்சி பெற்ற கைகள் இருந்தால் படகு கட்டலாம். நுழைவுத் தடை குறைவு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் தேவை திடீரெனப் பெருகியபோது, படகு கட்டப் புதியவர் பலர் முன்வந்தனர். அவற்றுள் தரங்குறைந்த படகுகளும் இருந்தன. எஞ்சின் தொழிலிலோ அவ்வாறு எவரும் உடனே நுழைய முடியாது. யமஹா, சுசுகி போன்ற சில நிறுவனங்களே அதில் நிலைத்துள்ளன. நாம் படகைக் கட்டுகின்றோம். எஞ்சினை இறக்குமதி செய்கின்றோம்.

எஞ்சின் வகையே எரிபொருளையும் முடிவு செய்கின்றது. சிறு படகுகள் பலவற்றின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, படகு சொந்தமாக இருந்தும் தொழிலுக்குப் போவது கடினமாயிற்று. ஒரு கூறில் பிறரில் தங்கியிருப்பவர் அக்கூறின் செலவிலும் தங்கியிருக்கின்றார்.

அப்படியாயின் நம்மூர் இளைஞர் ஒருவர் எங்கே நுழையலாம்? எஞ்சின் திருத்துதல், உதிரிப்பாகம் விற்றல், தரமான படகு கட்டுதல், மீனைக் கெடாது பாதுகாக்கும் பெட்டி செய்தல் என்பன அவரவர் திறமைக்கேற்ற சிறு கூறுகளாகும். முழுப் பொருளையும் செய்ய மூலதனம் இல்லாதவருக்கும் தொழிலில் ஓரிடம் கிடைப்பது கூறுமுறையின் பயனே.

7. கூறுமுறையின் வரையறைகள்

• போட்டியாளர் எளிதில் பின்பற்றலாம்.
• தவறு நேர்ந்தால் எவர் பொறுப்பு என்பதில் பிணக்கு எழலாம்.
• கூறுகளைப் பொருத்தும் இடங்களால் எடையும் பருமனும் கூடலாம். கூறுகளைக் கழற்றி மாற்றக்கூடிய கைத்தொலைபேசி செய்ய முயன்ற கூகிள் நிறுவனம் 2016 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

8. நினைவில் வைத்திருக்க வேண்டியவை

• கூறுமுறைக்கு இணைப்பு நியமம் அவசியம்.
• கூறுமுறை நுழைவுத் தடையைக் குறைத்துப் போட்டியைக் கூட்டும்.
• எளிதில் செய்ய முடியாத கூறை வைத்திருப்பவரிடமே இலாபம் அதிகம் தங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் கூறுமுறை வடிவமைப்பின் நன்மை அல்லாதது எது?
(1) நுகர்வோர் தெரிவு அதிகரித்தல்
(2) பழுதான பகுதியை மட்டும் மாற்றல்
(3) போட்டியாளர் எளிதில் பின்பற்றல்
(4) சிறப்புத் தேர்ச்சி

2. ஐ.பி.எம். கணினியோடு ஒத்தியங்கும் கணினிகளைப் பிற நிறுவனங்கள் செய்ய முடிந்தமைக்கு இரு காரணங்கள் தருக.

3. வயலில் பயன்படும் இருசில்லு உழவு இயந்திரத்துடன் கலப்பையையும் இழுவைப் பெட்டியையும் மாறி மாறிப் பூட்டலாம். இது விவசாயிக்குத் தரும் இரு நன்மைகளை எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. (3). இது பொருளை முதலில் செய்த நிறுவனத்துக்குப் பாதகமானது.
2. செயலி, இயக்க மென்பொருள் ஆகியவற்றை எவரும் வாங்க முடிந்தமை. அடிப்படை நிரலுக்கு மாற்று எழுதப்பட்டமை.
3. ஒரே எஞ்சினால் பல வேலைகளைச் செய்வதால் மூலதனச் செலவு குறைதல்; தேவைப்படும்போது கருவிகளை ஒவ்வொன்றாக வாங்க முடிதல்.