மவுஸுக்கு மார்க் போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கம்பி வைத்த கேமிங் மவுஸ் மூன்றைப் பரீட்சித்து நீ எழுதி அனுப்பிய மதிப்புரையை நிதானமாக வாசித்தேன். உன் நடை நன்றாயிருக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்ட விவரங்களை ஒன்றுவிடாமல் எடுத்தெழுதும் பொறுமையும் உனக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் கட்டுரையின் கடைசியில் ஒன்றுக்குப் பத்தில் ஒன்பது, ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு ஏழு என்று மார்க் போட்டிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு உன்னோடு வழக்கு. யாருடைய கைக்கு ஒன்பது? எந்த வேலைக்கு ஏழு? எண் மட்டும் இருக்கிறது. அந்த எண் எதைச் சார்ந்தது என்பதைக் காணோம்.

இப்படி நான் குடைவதற்கு என் பழைய உத்தியோகமே காரணம் என்று நீ ஊகித்திருப்பாய். 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிண்டித் தொழிற்பேட்டையில், மைக்ரோமீட்டரும் வெர்னியரும் டயல் கேஜும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் மேஜையின்முன் உட்கார்ந்து பழகியவனுக்கு, ஒரு கருவி எவ்வளவு நுண்ணிய அளவைக் காட்டக்கூடும் என்பது ஒன்று, அது காட்டுவது மெய்யா என்பது வேறொன்று, ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடையைத் தருமா என்பது மூன்றாவது என்னும் பேதம் எலும்பில் ஊறிப்போகிறது. மவுஸும் ஓர் அளவுக் கருவியே. கையின் நகர்வை அளந்து கணினிக்குச் சொல்லுவதுதான் அதன் தொழில். 1964-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில், டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையைக் கொண்டு பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த முதல் மவுஸ், ஒரு மரப்பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு சக்கரங்களால் அந்த அளவை எடுத்தது. இன்றைய மவுஸ், தன் வயிற்றுக்கடியில் உள்ள சிறு கண்ணால் மேஜைப் பரப்பை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு அடுத்ததை ஒப்பிட்டு அதையே செய்கிறது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதைச் சபையறியக் காட்டியபோது, செய்து காட்டியவை எழுத்தைத் திருத்துவது, கடைச்சாமான் பட்டியலை ஒழுங்குபடுத்துவது போன்ற அலுவல் வேலைகளே. ஆகவே, 'கேமிங்' என்னும் அடைமொழியைக் கண்டு மயங்கி, விளையாட்டு ஒன்றையே உரைகல்லாகக் கொண்டுவிடாதே. உன் மதிப்புரையைப் படித்துப் பணம் கொடுத்து வாங்கப்போகிறவர்களில் பலர் அலுவலகத்தில் உட்கார்ந்து உழைக்கிறவர்கள். விளையாட்டுக்காரனுக்கென்று உறுதியாகச் செய்த சாமான் தங்களுக்கும் நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள்.

இனி உன் மார்க்குகளையும், ஓர் அங்குல நகர்வை மவுஸ் எத்தனை புள்ளியாக எண்ணும் என்று சொல்லும் டிபிஐ எண்ணையும் சேர்த்துப் பார்க்கலாம். ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் 6,400 டிபிஐ, அதற்கு ஏழு. லாஜிடெக் ஜி102 8,000 டிபிஐ, அதற்கு எட்டு. லாஜிடெக் ஜி502 ஹீரோ 25,600 டிபிஐ, அதற்கு ஒன்பது. நீ அறிந்து செய்தாயோ அறியாமல் செய்தாயோ, எண் ஏற ஏற உன் மார்க்கும் ஏறியிருக்கிறது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். 1,920 புள்ளி அகலமுள்ள சாதாரணத் திரையில், விண்டோஸின் வேக அளவு நடுவில் நிற்க, அம்பைத் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோக, 400 டிபிஐயில் சுமார் 12 சென்டிமீட்டர் கையை நகர்த்த வேண்டும்; 800-இல் சுமார் 6 சென்டிமீட்டர்; 8,000-இல் ஆறே மில்லிமீட்டர்; 25,600-இல் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்குள் முழுத் திரையையும் ஆளக்கூடிய நரம்புக்கட்டு படைத்த மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களிலேயே பெரும்பாலோர் 400-க்கும் 800-க்கும் இடையில்தான் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களுக்கே தேவைப்படாத ஆயிரங்களுக்காக நீ ஏன் மார்க்கை வாரி வழங்குகிறாய்? பெட்டியிலுள்ள எண் அந்தக் கருவி எட்டக்கூடிய எல்லையே தவிர, அதன் குணம் அன்று.

குணத்தை அறிய வேண்டுமானால் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. முதலில் விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்று இருப்பதை அணைத்துவிடு. பெயரில்தான் துல்லியம், கையை மெல்ல நகர்த்தினால் ஒரு தூரமும் விரைந்து நகர்த்தினால் வேறொரு தூரமும் அம்பைக் கொண்டுபோவதே அதன் வேலை. திரையின் ஸ்கேலிங்கை நூறு சதவீதத்தில் வைத்துக்கொள். பிறகு ஓர் இரும்பு ஸ்கேலை மேஜைமேல் பட்டையாக ஒட்டி, அதன் விளிம்பில் மவுஸைச் சாய்த்து, இரு முனைகளிலும் தடுப்பு வைத்துச் சரியாகப் பத்து சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி செய்துகொள். டிபிஐயை 400-இல் வைத்து, அம்பு எத்தனை புள்ளி நகர்ந்தது என்பதைப் பெயின்ட் செயலியின் கீழ்வரிசையில் பார்த்துக் குறி. கணக்குப்படி அது 1,575-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஐம்பது அறுபது புள்ளி கூடியோ குறைந்தோ இருந்தால் அதைப் பெருங்குற்றமாக எண்ணாதே; எப்போதும் ஒரே அளவில் பிழைக்கும் கருவியோடு கை இரண்டு நாளில் சமாதானமாகிவிடும். போகும்போது மெதுவாகவும் வரும்போது வேகமாகவும் நகர்த்தினால் புறப்பட்ட புள்ளிக்கே அம்பு திரும்பி வந்து நிற்கிறதா என்பதைத்தான் நீ உற்றுப் பார்க்க வேண்டும். திரும்பி வராத மவுஸ் எத்தனை விளக்குப் போட்டு மினுக்கினாலும் தள்ளுபடி. மைக்கா மேஜை, துணி மவுஸ்-பேட், பழைய நோட்டு அட்டை ஆகிய மூன்றிலும் இதைச் செய். கண்ணாடி மேஜையில் சாதாரணக் கண்கள் தடுமாறும் என்பதை வாசகருக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போ.

விநாடிக்கு 1,000 முறை கணினிக்குச் செய்தி அனுப்பும் என்பதையும் ஒரு பத்தி முழுவதும் புகழ்ந்திருக்கிறாய். சாதாரண மவுஸ் 125 முறை, அதாவது எட்டு மில்லிவிநாடிக்கு ஒரு முறை, அனுப்புகிறது. இது ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு முறை. வித்தியாசம் மெய்தான். ஆனால் அலுவலகத் திரை விநாடிக்கு 60 படமே காட்டுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் பதினாறு மில்லிவிநாடிக்கு மேல் இடைவெளி. கணக்குப்பிள்ளையின் எக்செல் தாளில் இந்த வேகம் எந்தப் புண்ணியத்தையும் சேர்க்காது. 144 அல்லது 240 படம் காட்டும் திரையில் வேலரண்ட் என்னும் சுடும் ஆட்டம் ஆடுகிறவனுக்குச் சேர்க்கும். இருவருக்கும் பொதுவாக ஒரே வாக்கியம் எழுதலாகாது என்பதே என் கட்சி.

நீ தொடவே தொடாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டு மாடியில் நின்று பார்த்தால் மெட்ரோ ரயில் ஓடுகிறது; அதற்கு இப்பாலும் அப்பாலும், தொழிற்பேட்டையின் வேலியைத் தாண்டி ஈக்காட்டுத்தாங்கல் தெருக்களுக்குள்ளும் பரவியிருக்கும் சிறு பட்டறைகளையும் டூல் ரூம்களையும் நீ தினம் கடந்து போகிறாய். லேத்தும் மில்லிங் மிஷினும் ஓடும் அந்தக் கட்டிடங்களின் மூலையில், பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், ஒரு டிராப்ட்ஸ்மேன் ஆட்டோகேடிலோ சாலிட்ஒர்க்ஸிலோ அச்சுக் கட்டைக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு மவுஸின் பிரதான உறுப்பு எது தெரியுமா? இடப் பொத்தானுமன்று, வலப் பொத்தானுமன்று, நடுச் சக்கரம். அதை உருட்டினால் படம் கிட்டே வரும். அழுத்திப் பிடித்து இழுத்தால் படம் நகரும் அல்லது சுழலும். காலை முதல் மாலை வரை அவனுடைய நடுவிரல் அந்தச் சக்கரத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தின் அழுத்தம் கடினமாக இருந்தால் வாரக் கடைசியில் விரல் வலிக்கும். அழுத்தும்போதே சக்கரம் ஒரு பல் உருண்டுவிட்டால் படம் எகிறிக் குதிக்கும். பக்கவாட்டிலும் சாயக்கூடிய சக்கரமாயிருந்தால் நேராக அழுத்த நினைத்தது சாய்வாகப் போய் முடியும். விளையாட்டில் நடுப்பொத்தானுக்கு அவ்வளவு வேலை கிடையாது. ஆகையால் விளையாட்டை மட்டும் கொண்டு எழுதும் மதிப்புரைகளில் இந்தச் செய்தி வருவதேயில்லை. நீ எழுது.

அந்த டிராப்ட்ஸ்மேனின் கையில் கூலண்ட் எண்ணெயின் வாடை உண்டு என்பதையும் மறவாதே. துணி பின்னிய கம்பி பார்வைக்கு அழகு. எண்ணெயைக் குடித்துக் கறுத்துப்போகும். ரப்பர் உறை போட்ட கம்பியை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். மவுஸின் அடியிலுள்ள வழுவழுப்பான பாதங்களில் இரும்புத் தூள் ஒட்டினால் மவுஸ்-பேட் கிழியும். வயர்லெஸ் வாங்கினால் நகத்தளவு ரிசீவர் ஷிப்ட் மாறும்போது காணாமற்போகும். பாட்டரி டெலிவரி நாளில்தான் தீரும். இத்தனையையும் கருதினால், அங்கே சாதாரண ரப்பர்க் கம்பியோடு வரும் மலிவான மவுஸுக்கு நான் முதலிடம் கொடுப்பேன். உன் பட்டியலில் அப்படிப்பட்டதற்கு முதலிடம் இல்லை.

புகைப்படம் திருத்துகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். சில மவுஸ்களில் கோணல் கோட்டை நேராக்கிவிடும் ஓர் 'உபகாரம்' ஒளிந்திருக்கும்; கட்டம் கட்டுகிறவனுக்கு அது நன்மை, கன்னத்தின் வளைவைத் தொட்டுத் தொட்டு வரைகிறவனுக்கு அது துரோகம். பெயின்டில் மெதுவாக, கிட்டத்தட்டக் கிடையாக ஒரு கோடு இழுத்தால் கையின் நடுக்கமே தெரியாமல் நேராக வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மற்றபடி, ஓவிய வேலைக்கு மவுஸைவிடப் பேனா டாப்லெட்டே உசிதம் என்று வெளிப்படையாக எழுது. 'உனக்கு இது வேண்டாம்' என்று சொல்லும் மதிப்புரையை வாசகன் நம்புவான். கோடம்பாக்கத்திலும் சாலிகிராமத்திலும் படத்தொகுப்பு மேஜையில் இருப்பவர்களுக்குப் பக்கப் பொத்தான்கள் வேண்டும். அவற்றுக்கு இட்ட கட்டளைகள் மவுஸின் சொந்த நினைவிலேயே தங்க வேண்டும். ஏனெனில் ஸ்டூடியோக் கணினிகளில் நினைத்த செயலியை ஏற்ற அநுமதி கிடைக்காது. பதினொரு பொத்தான்களோடு வரும் ஜி502 ஹீரோவின் பெருமை இங்கேதான் விளங்கும். அதனுடைய 121 கிராம் எடை தொகுப்பாளனுக்குப் பாரமன்று, மணிக்கணக்காக மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுகிறவனுக்குப் பாரம்.

விளையாட்டையும் ஒரே ஜாதியாகப் பாவிக்காதே. 2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்று, விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. அந்தக் குடையின்கீழ்ச் சுடும் ஆட்டமும் சீட்டு ஆட்டமும் அடங்கும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், காட்சிப் போட்டியாக நடந்த மின்விளையாட்டில், இந்தியாவுக்கு வெண்கலம் வந்தது ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு ஆட்டத்தில். அதில் மின்னல் வேகத்துக்கு வேலையில்லை. சென்னைக்குப் பெருமை தரும் சதுரங்கத்தை எடுத்துக்கொள். 2022 பிப்ரவரியில், பதினாறு வயதுச் சென்னை வீரர் பிரக்ஞானந்தா அன்றைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை வென்ற ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆட்டம் இணையத்தில் நடந்தது. இணையத்தில் விரைவுச் சதுரங்கம் ஆடுகிறவர்கள் அஞ்சுவது, ஒரு கட்டத்தில் வைக்க நினைத்த காயைப் பக்கத்துக் கட்டத்தில் தவறவிடுவதை. 'மவுஸ் ஸ்லிப்' என்று அவர்கள் சொல்லும் இந்த விபத்துக்கு, தொட்டாலே அமுங்கும் மிக மெல்லிய பொத்தானும், இழுத்துக்கொண்டு போகும்போது நடுவழியில் பிடியை விட்டுவிடும் தேய்ந்த ஸ்விட்சும் காரணமாகலாம். துப்பாக்கி ஆட்டக்காரன் வரமென்று கொண்டாடும் மென்மை சதுரங்கக்காரனுக்குச் சாபமாகிறது. பேட்டைச் சிறுவர்கள் இரண்டு பேரை உட்கார்த்தி ஒரு நிமிஷ ஆட்டங்களாக ஆடச் சொல்லி, கைதவறியவற்றை எண்ணிப் பார். எந்தப் பெட்டியிலும் அச்சிடாத ஒரு விவரம் உனக்குக் கிடைக்கும்.

ஸ்விட்சைப் பற்றி எழுதும்போது 'ஒரு கோடி கிளிக் உழைக்கும்' என்பதை அப்படியே பிரதி செய்திருக்கிறாய். நாளைக்கு ஐயாயிரம் கிளிக் என்று வைத்தாலும் அது ஐந்தாண்டுக்குமேல் வரவேண்டும்; ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகப் பதியும் வியாதி அதற்கு வெகுகாலம் முன்பே வருவதை ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். நம்முடைய கடற்கரைக் காற்றின் ஈரமும் வியர்வையும் இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும். கைக்கு மெத்தென்றிருக்க ரப்பர்ப் பூச்சுப் பூசிய மவுஸ்கள் இரண்டு மூன்று சித்திரைகளுக்குள் பிசுபிசுத்துத் தூசியை வாரிக்கொள்ளும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் பல்லாண்டு தாங்கும். குளிரூட்டிய அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்து எழுதும் சீமைக்காரனுக்கு இது தோன்றாது. அடையாற்றங்கரைக்காரனான உனக்குத் தோன்ற வேண்டும்.

கடைசியாக, கை. உன் கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையிலும், பெருவிரலை விட்டு நான்கு விரல்களின் குறுக்கேயும் அளந்து, மதிப்புரையின் முதல் பத்தியிலேயே போடு. உள்ளங்கை முழுவதும் படியப் பிடிக்கிறாயா, விரல்களை வளைத்துப் பிடிக்கிறாயா, நுனிகளால் மட்டும் பிடிக்கிறாயா என்பதையும் சேர். பிறகு சிறிய கையுடைய உன் தமக்கையிடமும், இடக்கைக்காரரான உன் சித்தப்பாவிடமும் தலைக்கு மூன்று நாள் கொடுத்து வாங்கு. டெத்ஆடரின் வலக்கை வளைவு சித்தப்பாவுக்கு உதவாது. ஜி102 இரு கைக்கும் பொதுவான உருவம்தான், எனினும் அதன் பக்கப் பொத்தான்கள் இடப்புறத்தில் மட்டுமே இருப்பதால் அவருடைய பெருவிரலுக்கு அவை எட்டா. அவர்கள் சொல்லுவதை அவர்கள் வார்த்தையிலேயே எழுது.

ஆகவே அந்த மூன்று மார்க்குகளையும் அடித்துவிட்டு, கட்டுரையை வேலைவாரியாகத் திருப்பி எழுதி அனுப்பு. மின்னணுச் சாமான் கடைகளுள்ள ரிச்சி தெருவுக்கு மறுபடியும் மெட்ரோவில் போவதானால், ஆலந்தூரில் வண்டி மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கு. வெயிலுக்கு முன் போனால் கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். பில்லில் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொள். டூல் ரூமில் சோதிக்க ஓர் இடம் வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலை அவருடைய டிராப்ட்ஸ்மேனுக்கு ஓய்வு, நான் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியவன்.