பெட்டிக்குள் ஒரு பிரயாணம்

கேள்வி: வீட்டு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) ஒரு ஃபோல்டரிலுள்ள குடும்ப வீடியோக்களை மடிக்கணினி வழியாக இன்னொரு ஃபோல்டருக்கு மாற்ற மணிக்கணக்காகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், ஜெகதாப்பட்டினம்

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானது. நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஒரே பகுதிக்குள், அதாவது ஒரே பகிர்வுக்குள் இருக்கும் ஃபோல்டர்களிடையே கோப்பு நகரும்போது, அதன் விலாசம் மாத்திரமே திருத்தப்படுவதால், எத்தனை பெரிய கோப்பாயினும் க்ஷணத்தில் காரியம் முடிந்துவிடும். ஆனால் அவை தனித்தனிப் பகிர்வுகளாய், விண்டோஸில் வெவ்வேறு டிரைவ் எழுத்துகளோடு இணைக்கப்பட்டிருக்குமாயின், மடிக்கணினி பல சமயங்களில் அவற்றை அந்நிய ஸ்தலங்களாகவே பாவித்து, ஒவ்வொரு பைட்டையும் வைஃபை வழியே தன்னிடம் வரவழைத்து, அதே வழியே திருப்பியனுப்பி, அதன் பின்னரே மூலத்தை அழிக்கிறது. மீன் பெட்டியைப் பக்கத்து அறையில் வைப்பதற்காகக் கடைத்தெரு வரை சுமந்துபோய்த் திரும்புவதற்கு இது சமானம். 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் செல்லாதாகையால், 100 ஜிகாபைட்டை வரவழைப்பதற்கே 2 மணி நேரத்துக்கு மேலாகும்.

ஆகவே மடிக்கணினியை இடைத்தரகராக்காதீர்கள். சினாலஜி, கியூநாப் பெட்டிகளாயின் பிரௌசரில் ஃபைல் ஸ்டேஷன் என்னும் கோப்பு மேலாண்மைச் செயலியைத் திறந்து, அங்கேயே இடமாற்றக் கட்டளையிடுங்கள். பகிர்வுகள் வேறாயிருந்து பிரதி எடுக்க நேர்ந்தாலும், வேலை முழுவதும் பெட்டிக்குள்ளேயே நடக்கும். பல்லாயிரம் சிறு புகைப்படங்களை மாற்றுவோருக்கு இதன் பிரயோஜனம் இன்னும் அதிகம். ஏனெனில், ஒவ்வொரு கோப்புக்கும் நெட்வொர்க்கில் நிகழும் போக்குவரத்தே மடிக்கணினி வழியில் பெருந்தாமதம்.

இடையில் மின்சாரம் நின்றால் பெருநஷ்டம் நேரக்கூடுமாதலால், மாற்றுமுன் வேறொரு டிஸ்கில் அவசியம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.