வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா?

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் ஆபீஸில் இருந்தபடியே கரண்ட்டைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கான சுவிட்ச் மீட்டருக்குள் இருப்பது உண்மைதான். ஆனால் பில் பாக்கிக்காகத் துண்டிக்க 15 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. ஆகவே மீட்டரைத் திட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கும் இருட்டென்றால் கோளாறு பெரும்பாலும் லைனிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோதான்; ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயில் கூட்டம் குவிந்து லோடு ஏறும் இருக்கன்குடி போன்ற ஊரில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால் டிரிப்பரைப் பாருங்கள். விழுந்திருந்தால் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, அதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் மறுபடி விழுகிறதோ, கோளாறு அதில்தான். பழைய தண்ணீர் மோட்டார்மீது சந்தேகப்படுவது தப்பில்லை. திரும்பத் திரும்ப விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிரிப்பர் விழாமலே இருட்டென்றால், பில் கட்டியாகிவிட்டதா என்று பார்த்து, இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987இல் அழையுங்கள். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். உடைந்தால் திருட்டுச் சந்தேகம் உங்கள் மேல் விழும். தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம், டார்ச் மட்டும் போதும்.