ஆப்ஜெக்ட் என்றதும் விலை எங்கே போனது?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எங்களுக்குப் பழம்பொருள் கடை. அப்பா பேரேட்டில் எழுதிவரும் இருப்புக் கணக்கைக் கணினிக்கு மாற்ற சி ஷார்ப்பில் புரோகிராம் எழுதுகிறேன். விலைப்பட்டியலுக்காக லிங்க் செலக்ட் போட்டு பெயர், ரகம், விலை மூன்றை மட்டும் எடுத்து அனானிமஸ் டைப்பாக வைத்தேன். அதே மெத்தடுக்குள் வேர் போட்டுத் தேடினால் சரியாக வருகிறது. ஐஎன்யூமரபிள் ஆஃப் ஆப்ஜெக்ட் என்று இன்னொரு மெத்தடுக்கு அனுப்பினால், ‘விலை’ என்று ஒன்றே இல்லை என்கிறது கம்பைலர். ஏன்?
– வாசகர், காரைக்குடி

பதில்: விலை எங்கும் போகவில்லை. டீபக்கரில் நிறுத்திப் பாருங்கள், குத்துவிளக்கும் அதன் விலையும் அப்படியே இருக்கும். நீங்கள் ‘ஆப்ஜெக்ட்’ என்று எழுதிய இடத்தில் கம்பைலருக்கு அந்த வகை மறந்துபோகிறது, அவ்வளவுதான். ஆப்ஜெக்டுக்கு டூஸ்ட்ரிங், ஈக்வல்ஸ் மாதிரி சில மெத்தடுகள் உண்டு, விலை கிடையாது.

அனானிமஸ் டைப்புக்கும் உண்மையில் ஒரு கிளாஸ் உண்டு. கம்பைலரே அதை உருவாக்கி, நாம் கோடில் எழுதவே முடியாத ஒரு பெயரை வைத்துவிடுகிறது. 2007-இல் சி ஷார்ப் 3.0 லிங்க்கையும் ‘வார்’ என்ற சொல்லையும் இதையும் சேர்த்தே கொண்டுவந்தது தற்செயல் அல்ல. எழுத முடியாத பெயரை வேரியபிளுக்கு வகையாகக் கொடுக்க வார் ஒன்றுதான் வழி. ஆனால் மெத்தடின் பாராமீட்டரில் வார் போட முடியாது. நீங்கள் முட்டிக்கொண்டது அங்கேதான்.

டைனமிக் என்று போட்டால் ஓடிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும். ஆனால் ‘விலை’யை ‘விளை’ என்று தட்டிவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது, வாடிக்கையாளர் முன்னால்தான் புரோகிராம் நிற்கும். தவிர, இந்தக் கிளாஸ் அந்த அசெம்ப்ளிக்குள் மட்டுமே தெரியும். வேறு டிஎல்எல்லில் இருந்து டைனமிக்கில் தொட்டாலும் எர்ரர்தான். பணக் கணக்குக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். (தமிழில் பிராப்பர்டி பெயர் வைத்ததற்கு ஒரு சபாஷ். சி ஷார்ப் அதை ஏற்கும் என்பதே பலருக்குத் தெரியாது.)

வேர் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தீர்களா? அதுவும் வெளியே எங்கோ எழுதப்பட்ட மெத்தட்தானே; உங்கள் ‘விலை’யைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது ஜெனரிக் மெத்தட். பட்டியலைக் கொடுத்ததும் வகையைக் கம்பைலரே ஊகித்துக்கொள்கிறது. ‘விலை ஐயாயிரத்துக்கு மேல்’ என்ற நிபந்தனையை லாம்டாவாக நீங்கள் கொடுக்கிறீர்கள், அதுவும் வகை தெரிந்த இடத்திலேயே எழுதி. உங்கள் மெத்தடையும் அப்படியே அமைக்கலாம்: ஆப்ஜெக்டை எடுத்துவிட்டு டைப் பாராமீட்டர் வையுங்கள், விலையைத் தொடும் வேலையை லாம்டாவாக வெளியிலிருந்து வாங்குங்கள்.

ஆனால் விலைப்பட்டியல் பிரிண்டுக்கும் பில்லுக்கும் போகப்போகிறது என்றால் இந்த வித்தையெல்லாம் எதற்கு? பெயர் வைத்துவிடுங்கள். 2020-இல் வந்த சி ஷார்ப் 9-இல் ரெக்கார்ட் இருக்கிறது; பெயர், ரகம், விலை மூன்றும் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு மெத்தடுக்குள் பிறந்து அங்கேயே முடிகிற பட்டியலுக்கு மட்டும் அனானிமஸ் டைப் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் கடைக்கு அவசியமானது. ஒரே அனானிமஸ் டைப்பைச் சேர்ந்த இரண்டு பொருட்களில் எல்லா மதிப்பும் ஒன்றாக இருந்தால் ஈக்வல்ஸ் அவற்றைச் சமம் என்கிறது. குரூப் பையில் ரகத்தையும் விலையையும் சேர்த்துச் சாவியாகப் போட்டால் ஒழுங்காகப் பிரிவது இதனால்தான். இதே குணம் டிஸ்டிங்ட்டில் காலை வாரும். ‘எனாமல் தூக்கு, எனாமல், 850’ என்று கடையில் இரண்டு இருந்தால் டிஸ்டிங்ட் ஒன்றை விழுங்கிவிடும். சாயங்காலம் கணக்கில் ஒரு தூக்கு குறையும். ரெக்கார்டுக்கு மாறினாலும் இதே கதைதான். அதனால் செலக்டில் அந்த மூன்றோடு பேரேட்டின் வரிசை எண்ணையும் சேர்த்து எடுங்கள்.