சொட்டாமல் குறையும் தண்ணீர்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் இருக்கிறது. யாழ்ப்பாணம் போகும்போது ரேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. வீட்டில் ஒரு சொட்டும் விழுவதில்லை. ஆனையிறவில் நிறுத்தி, கழுத்துவரை நிரப்பிக்கொண்டுதான் போகிறேன். எங்கே ஒழுகுகிறது?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: கழுத்துவரை நிரப்புவதே காரணமாக இருக்கலாம். சூட்டில் தண்ணீர் விரியும். உங்கள் காரில் அதைப் பிடித்துவைக்கத் தனிப் போத்தல் இல்லை. மிச்சம் குழாய் வழியே ஏ9 வீதிக்குப் போய்விடும். ஓரிரு அங்குலம் குறைவாக விட்டு ஓடிப் பாருங்கள். பிறகும் குறைந்தால் மூடியை மாற்றுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதைதான்.

உப்பளத்தை அண்டிய கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டாம். வார்ப்பிரும்பு பிளொக்கின் பக்கவாட்டிலுள்ள மெல்லிய தகட்டு அடைப்புகளை அது அரித்துவிடும்.

உண்மையான ஒழுக்கென்றால், சூடான இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும், கறைதான் மிஞ்சும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியின் இடத்தில் கைப்பம்பு பூட்டி, மூடியில் பொறித்துள்ள அழுத்தம்வரை ஏற்றச் சொல்லுங்கள். முள் இறங்கினால் வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் முனைகள், ஹீற்றர் வால்வு என்று டோர்ச் அடித்துத் தேடலாம். இந்த வெயிலில் ஹீற்றரை யார் போடுகிறார்கள்? இருந்தும் அதற்குள் தண்ணீர் நிற்கிறது; கால்மிதிக் கம்பளத்தையும் தொட்டுப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்று மெக்கானிக் தயங்கினால், பழைய மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான் இதுவும் என்று சொல்லுங்கள்.