நாய் ஓயாமல் சொறிகிறதா? காரணமறிந்து மருந்திடுவீர்

கம்பம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம், ஆட்டுக்கிடை ஆகியவற்றைக் காப்பதில் நாய்க்குப் பெரும் பங்குண்டு. உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் பெயரைத் தாங்கிய கோம்பை நாய் இப்பகுதிக்கே உரிய இனம். இத்தகைய காவல் நாய் இரவும் பகலும் சொறிந்துகொண்டிருந்தால் அது மெலியும், காவலும் கெடும்.

அந்நேரத்தில் பயிருக்குத் தெளித்து மீந்த பூச்சிமருந்தைக் கரைத்து நாயின்மேல் ஊற்றிவிடுவோர் உண்டு. இது நாயின் உயிருக்கே உலை வைக்கும். சொறிதல் ஓர் அறிகுறியே. அதற்குக் காரணங்கள் பல. காரணத்திற்கு ஏற்ப மருந்தும் மாறும். எனவே முதலில் நாய் எந்த இடத்தில் சொறிகிறது என்று கவனியுங்கள்.

தெள்ளுப்பூச்சி: வாலடியிலும் இடுப்பிலும் கடித்துக்கொள்ளும். முடியை விலக்கினால் கருந்துகள்கள் தெரியும். அவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால் செம்பழுப்பாகக் கரையும். அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் இரத்தமே அதில் உள்ளது.

உண்ணி: காதுக்குள்ளும், கழுத்திலும், விரலிடுக்கிலும் ஒட்டியிருக்கும். உண்ணி வாயிலாக இரத்தத்தைத் தாக்கும் நோய்கள் பரவுகின்றன. காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை தென்பட்டால் தாமதிக்கக் கூடாது.

சொறி நோய்: கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைப்பதால் வருவது. காது மடல் ஓரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். காது மடல் ஓரத்தைத் தேய்த்தால் நாய் பின்னங்காலை உதைத்துச் சொறிய முயலும். இது மற்ற நாய்களுக்கும், தொட்டுப் பழகும் மனிதருக்கும் ஒட்டும். வீட்டில் எவருக்கேனும் அரிப்பு ஏற்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒவ்வாமை: பூச்சி எதுவும் இல்லாமலே பாதத்தை நக்குவதும், முகத்தைத் தேய்ப்பதும், காது அடிக்கடி புண்ணாவதும் ஒவ்வாமையாக இருக்கலாம். உணவு, தூசி, மகரந்தம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம்.

இவையன்றி, வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை இருக்கலாம். தலையை உதறிக் காதைச் சொறிந்தால் காது நோயாகலாம்.

பயிர் மருந்து நாய்க்கு ஆகாது

குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லும். நாய் தன்னை நக்குவதால் வயிற்றுக்குள்ளும் போகும். இவை நரம்பைத் தாக்குவதால் எச்சில் ஒழுகுதல், வாந்தி, நடுக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டு நாய் இறக்கவும் கூடும். தவறுதலாக மருந்து பட்டுவிட்டால், கையுறை அணிந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மருந்துப் புட்டியின் விவரச் சீட்டுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கழிவு எஞ்சின் ஆயில் தடவுவதும் தீங்கானது. மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை உத்தேசமாக நாய்க்குப் போடுவதும் ஆபத்து.

செய்ய வேண்டியவை

1. அரசு கால்நடை மருந்தகத்திலோ, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாயைக் காட்டுங்கள். தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சொறிச் சிற்றுண்ணியைக் காணலாம். ஒரு முறை தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று கொள்ளலாகாது.

2. நாயின் எடைக்கு ஏற்ப மருத்துவர் குறித்த அளவில் மட்டும் மருந்து கொடுங்கள். அரிப்பு குறைந்ததும் இடையில் நிறுத்தாதீர்கள்.

3. ஒரே வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை செய்யுங்கள்.

4. தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாய் படுக்கும் இடத்தில்தான் பெருமளவு இருக்கும். பழைய சாக்குகளை அகற்றுங்கள்; விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். உண்ணி ஒளியும் சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

5. உண்ணியை வெறுங்கையால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

பயிரில் இலை மஞ்சளானால், தழைச்சத்துக் குறையா, வேரழுகலா என்று பார்த்தபின்னரே உரமோ மருந்தோ இடுகிறோம். அதே பொறுமையை நம் காவல் நாயிடமும் காட்டினால், சிறு செலவில் அதைக் காப்பாற்றலாம்.