மட்டை வீச்சைத் திருத்தும் வழி

மைசூருவில் சாமுண்டி மலை தெரியும் தொலைவில், குதிரைப் பந்தயத் திடலோடு இணைந்து ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் மன்றம் அமைந்துள்ளது. இத்தகைய திடலில் ஆடத் தொடங்கும் வலக்கை ஆட்டக்காரரைப் பெரிதும் சோர்வுறச் செய்வது, நேரே கிளம்பிய பந்து வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் மறைவதாகும். இதனை 'ஸ்லைஸ்' என்பர்.

பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், வீச்சுப் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருப்பதே இதற்குக் காரணம். மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கே. அதற்குள் எதையும் திருத்த இயலாது. பிடியிலும் நிற்கும் நிலையிலும் தோள் திரும்பும் முறையிலும் திருத்தம் முன்னரே அமைய வேண்டும்.

தம் வீச்சைத் தாமே காண இயலாததால் பயிற்றுநர் தேவைப்படுகிறார். அவரின்றி நாள்தோறும் நூறு பந்துகள் அடித்தால் பிழையே உறுதிப்படும். பாடம் கேட்டும் பழகாதிருப்பின் பழைய வழக்கமே திரும்பும். ஆகவே ஒரு பாடத்துக்கு ஒரு திருத்தம் போதும். முதலில் குட்டையான மட்டையால், பாதி வீச்சில், மெதுவாகப் பழகுக. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் இலக்கைக் குறித்துக்கொள்க. பந்து நேராகச் செல்லத் தொடங்கிய பின்னரே வேகத்தைக் கூட்டுக.

பெங்களூருவின் அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தவர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் 72 குழிகள் ஆடி, ஒரே அடி வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். அத்தகைய வீராங்கனையரும் பயிற்றுநரின் துணையைக் கைவிடுவதில்லை. மாதந்தோறும் தவறாது செலுத்தும் தொடர் வைப்பைப் போல, முறையான பாடமும் இடைவிடாத சிறு பயிற்சியும் சேர்ந்தே பலன் தரும்.